ஓடர் படிவத்துக்குள் புகுந்த பொட்: உள்ளே வருவதைவிட வெளியே போவதைக் கவனியுங்கள்

கேள்வி: சுன்னாகத்தில் வீட்டோடு இருந்து ஒடியல் மா, வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், கறித்தூள் செய்து கனடா, லண்டன், சுவிஸ் பக்கம் அனுப்புகிறேன். பெறாமகன் வேர்ட்பிரஸ்ஸில் ஒரு இணையத்தளம் அமைத்து, கொன்டக்ட் ஃபோம் 7 பிளகினில் ஓடர் படிவமும் போட்டுத் தந்தான். சில மாதங்களாக அதில் ஓடரைவிடக் குப்பைதான் அதிகம். ரஷ்ய எழுத்து, கசினோ, கடன், 'கூகுளில் முதலிடம் பெற்றுத் தருவோம்' என்று ஒரு நாளைக்கு நூறுக்கு மேல் வருகிறது. ஜேர்மனியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் 'எனக்கு ஏன் விளம்பரம் அனுப்புகிறீர்கள்' என்று ஏசி எழுதியிருக்கிறார். நான் யாருக்கும் ஒன்றும் அனுப்பவில்லை. வாடிக்கையாளர்களோ என் பதில் கடிதம் ஸ்பாமுக்குள் கிடக்கிறது என்கிறார்கள். பெறாமகன் முதலில் படம் தெரிவு செய்யும் சோதனை போட்டான். ரொறன்ரோவில் வழமையாக வாங்கும் அன்ரி ஒருவர் 'ட்ரஃபிக் லைற் எல்லாம் எண்ணிக்கொண்டிருக்க என்னால ஏலாது பிள்ளை' என்று விட்டுவிட்டார். பிறகு கைத்தொலைபேசிக்கு ஓ.ரி.பி. அனுப்பும் முறை போட்டான். எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டிவைத்த காசு இரண்டு இரவில் முடிந்துவிட்டது. ரஷ்யாவையும் சீனாவையும் முழுதாக மறித்துவிடலாமா? இல்லாவிட்டால் படிவத்தையே எடுத்துவிடட்டா? வங்கிக் காட்டில் காசு எடுக்கும் வசதியும் போட இருக்கிறோம். அதிலும் இந்தத் தொல்லை வருமா?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

படிவத்தை எடுக்க வேண்டாம், நாடுகளை மறிக்கவும் வேண்டாம். ஆனால் இதை முழுதாக வாசிக்குமுன் செய்ய வேண்டிய வேலை இரண்டு இருக்கிறது. ஓ.ரி.பி. முறையை நிறுத்துங்கள். எஸ்எம்எஸ் கணக்கில் காசு குறைந்ததும் உங்கள் வங்கிக் காட்டிலிருந்து தானாக நிரப்பும் வசதி போட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். அடுத்ததாக, கொன்டக்ட் ஃபோம் 7இல் உங்கள் படிவத்தைத் திறந்து, 'மெயில்' பகுதிக்குப் போய், அடியில் 'மெயில் 2' என்றிருப்பதற்கு முன்னால் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். ஐந்து நிமிட வேலை. மிச்சத்தை ஆறுதலாக உங்கள் பெறாமகன் தம்பியோடு இருந்து செய்யலாம்.

உங்கள் பெட்டிக்குள் வந்து விழும் நூறு குப்பைக் கடிதமும் வெறும் அலுப்புத்தான், அழித்தால் போச்சு. உங்கள் பெயரில் வெளியே போனவைதான் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. ஜேர்மனிக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த விளம்பரத்தை அவருக்கு அனுப்பியது பெரும்பாலும் உங்கள் தளம்தான்.

'மெயில் 2' என்பது ஓடர் தந்தவருக்குத் தானாகப் போகும் நன்றிக் கடிதம். பலரும் அதை இப்படி எழுதி வைப்பார்கள்: 'அன்பின்' என்று தொடங்கி, பெயர்ப் பெட்டியில் உள்ளதை அப்படியே போட்டு, 'உங்கள் ஓடர் கிடைத்தது, நீங்கள் எழுதியது பின்வருமாறு' என்று செய்திப் பெட்டியில் உள்ளதையும் திருப்பி ஒட்டுவார்கள். இனி பொட், அதாவது படிவங்களைத் தானாக நிரப்பும் நிரல், என்ன செய்கிறது என்று பாருங்கள். பெயர்ப் பெட்டியில் அது பெயர் எழுதாது. '5000 யூரோ வென்றுள்ளீர்கள், இங்கே அழுத்துங்கள்' என்று ஒரு இணைப்போடு எழுதும். மின்னஞ்சல் பெட்டியில், எங்கிருந்தோ பொறுக்கிய யாரோ ஒருவரின் முகவரியைப் போடும். நீங்கள் நித்திரையாக இருக்கும் நேரத்தில் உங்கள் தளம் ஓடும் சேவர் 'அன்பின் 5000 யூரோ வென்றுள்ளீர்கள்' என்று, உங்கள் கடைப் பெயரோடும் கையொப்பத்தோடும், அந்த முகவரிக்குக் கடிதம் அனுப்பிவைக்கும். ஸ்பாம்காரனுக்குச் செலவு இல்லை. பிடிபடும் முகவரியும் அவனுடையதல்ல.

இதே நன்றிக் கடிதத்துக்கு இன்னொரு கெட்ட பாவனையும் உண்டு. ஒருவருடைய வங்கிக் கணக்கிலோ காட்டிலோ கைவைத்த திருடர்கள், வங்கி அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் அவர் கண்ணில் படாமல் இருக்க, அதே நேரத்தில் ஏராளமான தளங்களின் படிவங்களில் அவர் முகவரியைப் போட்டு, 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' வகைக் கடிதங்களால் அவருடைய பெட்டியை நிரப்பிவிடுவார்கள். அந்தப் படிவங்களில் ஒன்றாக உங்களுடையது இருக்க வேண்டியதில்லை.

கடிதம் கிடைத்தவர்கள் ஆத்திரத்தில் 'ஸ்பாம்' என்று அழுத்துவார்கள். அழுத்த அழுத்த உங்கள் டொமைனின், அதாவது தளத்தின் இணைய முகவரியின், நற்பெயர் கெடும். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுள் இதில் இறுக்கமாக இருக்கிறது. ஜீமெயிலுக்குக் கடிதம் அனுப்பும் எவரும், கடிதம் உண்மையில் அந்த டொமைனுடையதுதான் என்று காட்டும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். பதிவு வைத்திருக்க வேண்டும். ஸ்பாம் முறைப்பாட்டு வீதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழ் இருப்பது நல்லது என்கிறார்கள். ஒரு நாளைக்கு 5000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மேலதிக விதிகள் உண்டு, அவை உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் சிறிய கடைக்குத்தான் இந்தக் கணக்கு கொடுமை. நாளுக்குப் பத்து உண்மையான கடிதமும் நூறு பொட் கடிதமும் போனால், உங்கள் டொமைனிலிருந்து புறப்படுவதில் பத்தில் ஒன்பது பங்கு யாரும் கேட்காத கடிதம். ரொறன்ரோ அன்ரிக்கு நீங்கள் கைப்பட எழுதிய பதிலும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து ஸ்பாமுக்குள் போகிறது.

நன்றிக் கடிதத்துக்குப் பதிலாக, அதே படிவத்தின் 'மெசேஜஸ்' பகுதியில், வெற்றிகரமாகப் போனதும் திரையில் வரும் வசனத்தை மாற்றுங்கள்: 'ஓடர் கிடைத்தது. ஒரு நாளுக்குள் பதில் வராவிட்டால் இந்த வட்ஸ்அப் எண்ணுக்கு எழுதுங்கள்' என்று எண்ணோடு போட்டால் போதும். வாடிக்கையாளர் எழுதிய எதையும் திருப்பி ஒட்டாமல், நிலையான வசனம் மட்டும் உள்ள நன்றிக் கடிதம் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் விளம்பரம் போகாது என்பது சரி. அந்நியர் பெட்டியில் கேட்காத கடிதம் விழுவது அப்படியேதான் இருக்கும். உங்கள் அளவுக் கடைக்கு அது வேண்டாம்.

கெட்ட பெயரைத் திருத்தும் வேலை கொஞ்சம் நுணுக்கமானது. படிவத்திலிருந்து உங்களுக்கு வரும் கடிதத்தில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் வாடிக்கையாளரின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றுங்கள். யாகூ 2014இலேயே தன் சேவர் தவிர வேறு எங்கிருந்தும் யாகூ முகவரியோடு வரும் கடிதத்தை நிராகரிக்கச் சொல்லிவிட்டது. அதனால் யாகூ வாடிக்கையாளரின் ஓடர் உங்களுக்கே வந்து சேராமல் போகலாம். அனுப்புநர் எப்போதும் உங்கள் சொந்த டொமைன் முகவரியாக இருக்கட்டும். வாடிக்கையாளர் முகவரியை 'அடிஷனல் ஹெடர்ஸ்' பெட்டியில், பதில் செல்லும் முகவரியாக வையுங்கள். நீங்கள் 'ரிப்ளை' அழுத்தினால் சரியான ஆளுக்குப் போகும்.

அதன் பின் ஹோஸ்டிங், அதாவது உங்கள் தளத்துக்கு இடம் தரும் சேவையின் கணக்கில், டொமைனுக்கான மூன்று டி.என்.எஸ். பதிவுகள். எஸ்.பி.எஃப். ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்காரர் போட்டது ஒன்று, மின்னஞ்சல் சேவைக்குத் தம்பி போட்டது ஒன்று என்று இரண்டு கிடந்தால் இரண்டும் செல்லாது, ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும். டி.கே.ஐ.எம். பெரும்பாலும் ஒரு பொத்தானை அழுத்தி இயக்குவதுதான். டிமார்க் என்பது இந்தச் சோதனைகளில் தோற்ற கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு. அதை முதலில் 'நன்' (ஒன்றும் செய்யாதே) என்ற நிலையில் வைத்து, இரண்டு மூன்று வாரம் எல்லாம் சரியாகப் போகிறது என்று கண்ட பின் 'குவாரன்டைன்' (ஒதுக்கி வை) நிலைக்கு உயர்த்துங்கள். எடுத்த எடுப்பில் உயர்த்தினால், நீங்கள் மறந்துபோன வழியால் போகும் உங்கள் சொந்தக் கடிதமே மாட்டிக்கொள்ளும். சரிபார்க்க, உங்கள் கடை முகவரியிலிருந்து ஒரு ஜீமெயில் முகவரிக்குக் கடிதம் அனுப்பி, அதைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள். மேலே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று வர வேண்டும். பழகிய வாடிக்கையாளர்களிடம் சொல்லி, ஸ்பாமுக்குள் கிடக்கும் உங்கள் கடிதத்தை 'ஸ்பாம் இல்லை' என்று குறிக்கவையுங்கள். பெயர் ஒரு நாளில் தேறாது, சில வாரம் பிடிக்கும்.

இனி எஸ்எம்எஸ். இங்கே நடந்தது வேலியே பயிரை மேய்ந்த கதை. உலகில் சில தொலைபேசி எண் தொடர்களுக்கு எஸ்எம்எஸ் போனால், அதற்குக் கிடைக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த எண்களை வைத்திருப்பவர்களுக்குப் போகும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். மோசடிக்காரர் ஓ.ரி.பி. அனுப்பும் படிவமாகத் தேடிப் பிடித்து, அந்த எண்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, உங்கள் காசில் எஸ்எம்எஸ் அனுப்பவைப்பார்கள். இதை எஸ்எம்எஸ் பம்பிங் என்பார்கள். பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. இந்த வகை மோசடியால் ட்விட்டருக்கு ஆண்டுக்கு சுமார் 60 மில்லியன் டொலர் போகிறது என்று 2022 டிசம்பரில் இலோன் மஸ்க் சொன்னார். உங்கள் எஸ்எம்எஸ் நிறுவனத்தின் அறிக்கையைத் திறந்து பாருங்கள். எண்கள் கடைசி இலக்கம் மட்டும் மாறி வரிசையாகப் போயிருந்தால், அனுப்பிய குறியீட்டை யாருமே திருப்பி அடிக்காமல் விட்டிருந்தால், அதுதான் இது.

ஓ.ரி.பி. உங்களுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. பொதியின் நிறையும் தபாற் கட்டணமும் சொல்ல எப்படியும் வட்ஸ்அப்பில் பேசத்தான் போகிறீர்கள். அந்தப் பேச்சைவிட நல்ல சரிபார்ப்பு வேறு என்ன? அப்படியும் வேண்டும் என்று தம்பி நின்றால், எஸ்எம்எஸ் கணக்கில் நாட்டு அனுமதிப் பட்டியலைப் போட்டு, நீங்கள் விற்கும் நாடுகளை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. +1 என்பது கனடாவும் அமெரிக்காவும் மட்டுமல்ல; ஜமேக்காவின் 876, டொமினிக்கன் குடியரசின் 809 உட்படக் கரீபியன் தீவுகள் பலவும் அதே +1க்குள்தான். ரொறன்ரோவின் 416, 647, 437, சுற்றுப்புறத்தின் 905, 289 என்று பகுதிக் குறியீட்டு மட்டத்தில் திறப்பதே பாதுகாப்பு. பிரித்தானியாவின் +44க்குள் 70 என்று தொடங்கும் எண்கள் கைத்தொலைபேசி போலத் தோன்றும், ஆனால் அல்ல, அவற்றை மூடுங்கள். ஒரே எண்ணுக்கு ஒரு நிமிட இடைவெளி, மணிக்கு மூன்றுக்கு மேல் இல்லை, முழுக் கணக்குக்கும் ஒரு நாள் உச்சவரம்பு. அந்த உச்சவரம்பு ஒன்று இருந்திருந்தால் இரண்டு இரவில் காசு முடிந்திருக்காது.

இப்போது படிவத்துக்கு வருவோம். உங்களை ஏன் பிடித்தார்கள் என்றால், உங்களை யாரும் தனியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கொன்டக்ட் ஃபோம் 7 உலகம் முழுதும் பாவனையில் உள்ள இலவசப் பிளகின். அது படிவத்தை வாங்கிக்கொள்ளும் பாதை எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி. அந்தப் பாதை தெரிந்த நிரல் உங்கள் பக்கத்தைத் திறக்கக்கூடத் தேவையில்லை, நேரே கொண்டுவந்து கொட்டலாம். செய்தி வெளியே தெரியும்படி பதிவாகிறதா, உங்கள் பெட்டிக்குள் மட்டும் விழுகிறதா என்பதும் அதற்குக் கவலையில்லை.

மருந்து தேடுமுன் நோயைப் பாருங்கள். ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சீபனலில் 'ரோ அக்செஸ்' என்ற இடத்தில் சேவர் பதிவேட்டைப் பதிவிறக்கலாம். வரிக்கு வரி நேரம், வந்தவரின் ஐ.பி. முகவரி, செய்த காரியம் இருக்கும். மனிதர் ஒருவர் வந்தால் முதலில் பக்கத்தைக் கேட்ட 'கெற்' வரி, அடுத்து படங்களும் எழுத்துருக்களும் கேட்ட பல வரிகள், ஒன்றிரண்டு நிமிடம் கழித்துப் படிவத்தை அனுப்பிய ஒரு 'போஸ்ட்' வரி. பொட் என்றால் பெரும்பாலும் 'போஸ்ட்' மட்டும், அதுவும் இரவு 2:14:07, 2:14:09, 2:14:11 என்று தாளம் தப்பாமல். பக்கத்தைத் திறக்காமல் நேரே 'போஸ்ட்' செய்பவை அதிகமா, திறந்து எல்லாப் பெட்டியையும் நிரப்புபவை அதிகமா என்று பாருங்கள். இரண்டுக்கும் மறிப்பு வேறு.

எல்லாவற்றையும் நிரப்பும் வகைக்கு ஹனிபொட், அதாவது மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிப் பெட்டி. அதில் எழுத்து இருந்தால் வந்தது பொட். இதற்கு இலவசப் பிளகின்கள் இருக்கின்றன. கெட்டுப்போகும் இடம் பெட்டிக்கு வைக்கும் பெயர். நிறுவனம், இணைய முகவரி, இரண்டாம் முகவரி வரி என்று பெயர் வைத்தால், வாடிக்கையாளரின் குரோம் உலாவியே தானாக அதை நிரப்பிவிடும்; தானாக நிரப்பாதே என்று குறித்து வைத்தாலும் குரோம் அதை எப்போதும் மதிப்பதில்லை. அதன் பின் நல்ல ஓடர் எல்லாம் ஸ்பாம். உலாவிக்குப் புரியாத பெயராக வையுங்கள். கண் தெரியாதவர்கள் பாவிக்கும் திரை வாசிப்பான் அந்தப் பெட்டியையும் வாசிக்கக்கூடும், ஆகவே அதன் தலைப்பில் 'இதை வெறுமையாக விடவும்' என்று இருக்கட்டும்.

நேரே கொட்டும் வகை இந்தப் பொறியில் விழாது, அது பொறிப் பெட்டியைக் கண்டதே இல்லையே. அதற்கு, பக்கம் திறக்கும்போது கொடுக்கப்படும் அடையாளக் குறி ஒன்று வேண்டும். குறி இல்லாமல் வரும் 'போஸ்ட்'டை சேவர் ஏற்கக் கூடாது. கிளவுட்ஃபிளேர் 2022இல் கொண்டுவந்த டர்ன்ஸ்டைல் இதை இலவசமாகச் செய்கிறது, படம் எதையும் எண்ணச் சொல்வதில்லை. பெரும்பாலான ஆட்கள் ஒன்றும் செய்யாமலே தாண்டிப் போவார்கள், சிலருக்கு ஒரு சதுரத்தை அழுத்தச் சொல்லும். கொன்டக்ட் ஃபோம் 7இன் புதிய பதிப்புகளில் இதற்கான இணைப்பு உள்ளேயே இருக்கிறது, முதலில் பிளகினைப் புதுப்பியுங்கள். அது தரும் குறி 300 விநாடிதான் செல்லும், ஒரு தடவைதான் பாவிக்கலாம். அன்ரி படிவத்தைப் பாதியில் விட்டு அஞ்சல் குறியீடு தேடிவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வருவார், அப்போது பழைய குறி செத்திருக்கும். தானாகப் புதுப்பிக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று நீங்களே பத்து நிமிடம் காத்திருந்து அனுப்பிப் பாருங்கள். தளத்தில் பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டும் கேஷ் பிளகின் இருந்தால் ஓடர் பக்கத்தை அதிலிருந்து விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் ஒரே பழைய பக்கம் போய் இந்தச் சோதனைகள் குழம்பும்.

படம் எண்ணும் சோதனையைத் திரும்பப் போடாதீர்கள். காசுக்கு மனிதர்களை வைத்து அதை விடுவித்துக் கொடுக்கும் சேவைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. பொட் தாண்டிவிடும், அன்ரிதான் நிற்பார்.

கேள்வி கேட்கும் சோதனை சின்னக் கடைக்கு இன்னும் உதவும், ஏனென்றால் உங்கள் ஒரு தளத்துக்காக யாரும் நிரலை மாற்றி எழுத மாட்டார்கள். கொன்டக்ட் ஃபோம் 7இல் 'குவிஸ்' என்று அந்த வசதி இருக்கிறது. விடை எண்ணாக இருக்கட்டும். 'திருவிழாவுக்குப் பெயர்போன கந்தசுவாமி கோயில் எங்கே' என்று கேட்டால் தமிழில் ஒருவர், ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் மூவர் எழுதுவார்கள், பாதிப் பேருக்குப் பிழை என்று வரும். 'நல்லூர்த் திருவிழா எத்தனை நாள்' என்றால் 25 என்று சுலபமாக வரும் என்று நினைப்பீர்கள். ஸ்கார்பரோவில் பிறந்த பேரப்பிள்ளைதான் அம்மம்மாவுக்காகப் படிவம் நிரப்புகிறது என்றால் அது முழிக்கும். ஏழும் இரண்டும் எத்தனை, இலக்கத்தில் எழுதவும், அவ்வளவு போதும்.

இவை எல்லாம் போட்ட பிறகும் சந்தேகமானதை அழிக்காமல் ஒதுக்கி வைப்பதுதான் முக்கியம். கொன்டக்ட் ஃபோம் 7 தானாக எதையும் சேமிப்பதில்லை. அதை எழுதியவரே எழுதிய ஃபிளமிங்கோ என்ற இன்னொரு பிளகினைப் போட்டால், வந்த எல்லாம் தளத்துக்குள் பதிவாகும், ஸ்பாம் என்று பிடித்தவை தனியாக நிற்கும். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் அந்த ஒதுக்கலைப் பாருங்கள், பிறகு கிழமைக்கு ஒரு தரம். முப்பது நாள் கடந்தவற்றை அழித்துவிடுங்கள். மற்றவர்களின் முகவரியும் எண்ணும் அதில் கிடக்கும், இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 'மெசேஜஸ்' பகுதியில், ஸ்பாம் என்று பிடிபட்டவருக்குக் காட்டும் வசனமும் ஒன்று உண்டு. அதில் உங்கள் வட்ஸ்அப் எண்ணைப் போடுங்கள். பொட் அதை வாசிக்காது. தவறுதலாக மாட்டிய வாடிக்கையாளர் வாசிப்பார்.

சொற்பட்டியலை வைத்துத் தடுப்பதில் கவனம். வேர்ட்பிரஸ்ஸின் 'டிஸ்கஷன்' அமைப்பில் தடைச் சொற்கள் எழுதும் பெட்டி இருக்கிறது, கொன்டக்ட் ஃபோம் 7உம் அதைத்தான் பார்க்கும். ஆனால் அது சொல்லின் நடுவிலும் பொருத்தும். ஆங்கிலத்தில் 'லோன்' என்று நான்கெழுத்தைப் போட்டால், லண்டன் ஸ்லோன் தெருவில் இருக்கும் வாடிக்கையாளரின் முகவரியும் அதில் அகப்படும். சொற்களைவிட இரண்டு அடையாளங்கள் உங்களுக்கு உதவும்: ரஷ்ய எழுத்து இருந்தால் ஒதுக்கு, செய்தியில் இணைப்பு இருந்தால் ஒதுக்கு. வடகம் வாங்குபவர் இணைப்பு அனுப்பத் தேவையில்லை. 'தமிழ் எழுத்து இல்லாவிட்டால் ஒதுக்கு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், உங்கள் ஓடரில் அரைவாசி ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாகத்தான் இருக்கும்.

தம்பிக்கு மட்டும் ஒரு குறிப்பு. பெயர்ப் பெட்டியில் 'எழுத்துகள் மட்டும்' என்று விதி எழுதினால் தமிழ்ப் பெயர் எல்லாம் தோற்கும். யூனிகோட் கணக்கில் 'சிவகாமி' என்பதில் ச, வ, க, ம நான்கும் எழுத்து. இரண்டு விசிறியும் ஒரு அரவும் எழுத்து வகையில் சேராத குறிகள். புள்ளியும் அப்படியே. விதியில் குறி வகையையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும். 'கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருந்தால் ஸ்பாம்' என்ற விதியும் ஆபத்து, சில தமிழ் விசைப்பலகைகள் எழுத்துகளுக்கு நடுவே அப்படி ஒன்றைப் போட்டுவிடும். குடும்பப் பெயர் என்ற பெட்டியைக் கட்டாயமாக்கவும் வேண்டாம்.

நாடு மறிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ரஷ்ய எழுத்தில் வருவதால் ரஷ்யாவிலிருந்து வருகிறது என்றில்லை. இந்த நிரல்கள் ஓடுவது வாடகைச் சேவர்களிலும், வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகளிலும் ரூட்டர்களிலும். அமெரிக்காவும் ஜேர்மனியும் அதில் அடக்கம். அவற்றை மறித்தால் வாடிக்கையாளரையும் மறிப்பீர்கள். ஐ.பி. முகவரி ஒன்றை நிரந்தரமாகத் தடுப்பதும் அப்படித்தான், கைத்தொலைபேசி இணைப்பில் ஒரே முகவரிக்குப் பின்னால் பல நூறு பேர் இருப்பார்கள், நாளைக்கு அது வேறு யாருக்கோ போகும். வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள், போதும்: ஒரு முகவரியிலிருந்து பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் படிவம் வந்தால் ஒரு மணிநேரம் ஏற்காதே. ஐ.பி. பதிப்பு 6 முகவரியானால் தனி முகவரியைப் பார்த்துப் பயனில்லை, ஒரே ஆள் கோடிக்கணக்கில் மாற்றலாம். முதல் 64 பிட் பகுதியை ஒரு ஆளாக எண்ண வேண்டும்.

ஸ்பாமை வடிக்கும் பிளகினான அகிஸ்மெற் போடலாமா என்று தம்பி கேட்கக்கூடும். நல்லதுதான். வியாபாரத் தளத்துக்குக் கட்டணம் உண்டு. படிவத்தின் பெயர், மின்னஞ்சல் பெட்டிகளின் குறிச்சொல்லில் அகிஸ்மெற்றுக்கான குறிப்பைச் சேர்க்காமல் பிளகினை மட்டும் இயக்கினால் அது படிவத்தைத் திரும்பியும் பார்க்காது. மேலே சொன்னவற்றைச் செய்து ஒரு மாதம் பார்த்த பிறகும் குப்பை மிஞ்சினால் யோசியுங்கள்.

ஜேர்மனிக்காரருக்கு ஒரு பதில் எழுதிவிடுங்கள். எங்கள் படிவத்தை யாரோ துஷ்பிரயோகம் செய்து உங்கள் முகவரியைப் போட்டிருக்கிறார்கள், தானாகப் போகும் கடிதத்தை நிறுத்திவிட்டோம், வருந்துகிறோம் என்று மூன்று வரி. கடை விபரமோ இணைப்போ அதில் வேண்டாம்.

காட் வசதியில் தொல்லை வருமா என்றால், வரும், வேறு வடிவில். திருடிய காட் எண்களை வைத்திருப்பவர்கள் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க, சிறிய கடைகளின் கட்டணப் பக்கத்தில் சின்னச் சின்னத் தொகைக்கு நூற்றுக்கணக்கில் முயன்று பார்ப்பார்கள். தோற்ற முயற்சிக்கும் கட்டணம் அறவிடும் ஒப்பந்தங்கள் உண்டு. தோல்விகள் குவிந்தால் கட்டணச் சேவைக்காரர் உங்கள் கணக்கை இடைநிறுத்தலாம். வென்ற காட்டின் உரிமையாளர் பின்னால் காசைத் திருப்பிக் கேட்பார், பொருளும் போய்க் காசும் போகும். ஆகவே எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டணப் பக்கம் வைக்காதீர்கள். ஓடர் வந்து, வட்ஸ்அப்பில் பேசி, நிறையும் தொகையும் முடிவான பிறகு, அந்த ஓடருக்கும் அந்தத் தொகைக்கும் மட்டும் செல்லுபடியாகும் கட்டண இணைப்பை நீங்களே உருவாக்கி அனுப்புங்கள், ஒரு நாளில் காலாவதியாகும்படி. வங்கியின் ஓ.ரி.பி. கேட்கும் திரீ டி செக்கியூர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சேவைக்காரரிடம் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிய பின் கையெழுத்து வையுங்கள்.